அண்ணன் மைதானத்துக்குக் கொண்டுபோன சுவர்க்கடிகாரம்

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து பறித்த அம்மாவுக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்கும் தலைமகனாகப் பிறந்தவர் எங்கள் அண்ணன். இந்த நினைவுக் குறிப்பின் அடுத்த வரியில் சாந்த குணமும் பொறுமையும் உடையவர் என்று எழுதும்படி மாமா தொலைபேசியில் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார். மாமா மன்னிக்க வேண்டும், அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அண்ணன் அன்பானவர், நேர்மையானவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் அவர் எங்களை எத்தனை பாடு படுத்தினார் என்பது அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்பா காலமானபோது அண்ணன் மாத்தளை நகரத்துப் பாடசாலையொன்றில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை நிறுத்திவிட்டு, மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் டவுனுக்கு அழைத்து வந்து என்னைப் படிக்கவைத்தார். பாடசாலையில் அவர் கற்றுக்கொண்டு, கடைசிவரை விடாமல் வைத்திருந்தது கூடைப்பந்தாட்டம் ஒன்றுதான். கடை மூடியதும் மைதானத்துக்குப் போய்விடுவார். முதலில் ஆண்களுக்கு ஓர் அணி சேர்த்தார். பிறகு பெண்களுக்கும் ஒன்று சேர்த்து, என்னையும் அதில் இழுத்துப் போட்டார்.

எங்கள் பிராந்தியச் சுற்றுப்போட்டியில் விளையாடுகிறவர்கள் எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. ஆட்டத்துக்கு ஒரு சிறு கொடுப்பனவு கிடைக்கும். ஒரே நாளில், ஒரே திறந்த மைதானத்தில், முதலில் பெண்கள் ஆட்டம், அடுத்து ஆண்கள் ஆட்டம். பிரதம அதிதி எப்போதும் தாமதமாகத்தான் வருவார். அந்தத் தாமதத்தை யாருடைய ஆட்டத்தில் கழிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிடம் ஆட வேண்டிய கால்பகுதியை ஏழில் முடிப்பார்கள், ஆறில் முடிப்பார்கள். பந்து வெளியே போனாலும் எங்கள் போட்டியில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் எங்கே வெட்டினார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது.

இதற்கு அண்ணன் கண்டுபிடித்த மருந்துதான் சுவர்க்கடிகாரம். வீட்டு ஹாலில் மாட்டியிருந்த பெரிய கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டுபோய், போட்டிக் குழுவினர் உட்காரும் மேசைக்கு நேரெதிரே கம்பி வேலியில் தொங்கவிடுவார். போட்டி நாட்களில் எங்கள் வீட்டில் ஆணி மட்டும்தான் இருக்கும். நேரம் தெரியாமல் சமையல் செய்வது எப்படி என்று அண்ணி கேட்டால், பசிக்கும்போது சாப்பிடுவோம் என்பார். பலமுறை நானும் சண்டை போட்டிருக்கிறேன். ஊரே பார்த்துச் சிரிக்கிறது என்றேன். பல்லேகமவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளை ஆறு நிமிடம் ஓடிவிட்டுப் போகவா வருகிறாள் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கலேவெலயில் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. கடைசிக் கால்பகுதியில் ஒரு புள்ளி முன்னால் நின்றோம். ஏழு நிமிடத்திலேயே விசில் ஊதிவிட்டார்கள். நாங்கள் வென்றுவிட்டோம் என்று கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருக்கும்போது, அண்ணன் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் வந்து நின்றார். இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது, அதைத் தராமல் நகரமாட்டேன் என்றார். போட்டிக் குழுத் தலைவர் திகைத்துப்போனார். தம்பி என்ற உரிமையில் மல்லி, மல்லி என்று அழைத்து, வென்றதே உங்கள் பிள்ளைகள்தானே என்று சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தார். அண்ணன் அசையவில்லை. வேறு வழியில்லாமல் அந்த மூன்று நிமிடத்தையும் கொடுத்தார்கள். அந்த மூன்று நிமிடத்தில் நாங்கள் தோற்றோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவர் பக்கமே பார்க்கவில்லை. தம்புள்ளை தாண்டிய பிறகு அவராகவே பேசினார்.

"தோத்தா என்ன தங்கச்சி. முழுசா வெளையாண்டுல்ல தோத்தீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டும் நாங்கள் அந்த முறை இறுதிப்போட்டிக்கு வந்தோம். அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. கடையில் மிளகு மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. நெஞ்சு வலி பல நாளாக இருந்திருக்கிறது. ஊரில் எல்லோருடைய நேரத்தையும் பார்த்தவருக்கு டாக்டரிடம் போக மட்டும் நேரமில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கருமாதி முடிந்த வாரத்தில் இறுதிப்போட்டி. அண்ணனின் படத்துக்கு மாலை போட்டு மேசையில் வைத்திருந்தார்கள். பார்த்ததும் அழுதுவிட்டேன். வழக்கம்போலப் பிரதம அதிதி தாமதம். குழுத் தலைவர் என்னிடம் வந்து தோளைத் தட்டினார். அண்ணனுக்கு மௌன அஞ்சலி இருக்கிறது, மூன்று பேர் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள், அதற்கு நேரம் வேண்டும், அதனால் பெண்கள் ஆட்டத்தை மட்டும் ஆறு ஆறு நிமிடமாக வைத்துக்கொள்வோம் என்றார். தங்கையை அழைப்பதுபோல நங்கி என்று அழைத்து, எல்லாம் அண்ணனுக்காகத்தானே என்றும் சொன்னார். அவர் உண்மையாகவே அன்போடுதான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"அண்ணனுக்காகன்னா பத்து நிமிஷம் குடுங்க. பேச்சும் வேணாம், மௌனமும் வேணாம்."

என் பின்னால் உட்கார்ந்திருந்த மாமா, சொந்த அண்ணனுக்கு அஞ்சலி வேண்டாம் என்கிறாளே என்று எல்லோருக்கும் கேட்கும்படி திட்டினார். சபையில் சலசலப்பு. அப்போது அண்ணி எழுந்தார். கணவரை இழந்தபின் அதுவரை வீட்டை விட்டு எங்கும் போகாதவர், அன்றுதான் முதல் முறையாக வெளியே வந்திருந்தார். கையிலிருந்த பையைத் திறந்து சுவர்க்கடிகாரத்தை எடுத்துக்கொண்டுபோய், அண்ணன் தொங்கவிடும் அதே கம்பியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். குழுத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு நடுவருக்குக் கை காட்டினார். விசில் ஊதினார்கள்.

வென்றீர்களா என்று இன்றும் கேட்கிறார்கள். தோற்றோம். நாற்பது நிமிடமும் ஆடித் தோற்றோம்.

சொந்த அண்ணனுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்க முடியாதா என்று மாமா இன்னும் கேட்கிறார். மாமா, அண்ணன் ஒரு நிமிடம் மௌனமாக இருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவருக்கு என்று ஒதுக்கிய நேரத்தை நாங்கள் ஓடித்தான் தீர்த்தோம்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற கடைத் தோழர்களுக்கும், சாவு வீட்டில் தேநீர் ஊற்றிய அயல் வீட்டாருக்கும், அன்று எங்களால் தங்கள் ஆட்டத்தை அரையிருட்டில் ஆட நேர்ந்து, முணுமுணுத்துக்கொண்டே ஆடி முடித்த ஆண்கள் அணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. சாப்பாடு தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹாலில் நேரம் பார்க்கத் தேடினால் ஆணிதான் இருக்கும். இன்று பிற்பகல் பெண்கள் ஆட்டம் இருக்கிறது. கடிகாரத்தைக் காலையிலேயே கொண்டுபோய் மாட்டிவிட்டேன்.