வேரோடு வந்த பல்

புதுக்கடை ஊருக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களிடம், உங்கள் முதல் பால்பல்லைப் பிடுங்கியது யார் என்று கேட்டால் பாதிப் பேர் நேசபாயின் பெயரைத்தான் சொல்வார்கள். அவள் டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை. சத்துணவுக் கூடத்தில் உதவியாளர். காய் வெட்டுவாள், முட்டை உரிப்பாள், பாத்திரம் கழுவுவாள். பதினாறு வருஷமாக இதுதான் வேலை. பல் பிடுங்குவது அவளாக எடுத்துப் போட்டுக்கொண்டது.

பல் ஆடுகிற பிள்ளை சோற்றுத் தட்டோடு அவள் முன்னால் வந்து நிற்கும். நேசபாய் ஈரக்கையைத் துடைத்துவிட்டு, தோளில் கிடக்கும் தோர்த்துத் துண்டின் முனையை விரலில் சுற்றிக்கொள்வாள். பல்லைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு கேட்பாள்: "மக்கா, நேத்து உனக்க வீட்டுல என்ன கறி?"

பிள்ளை யோசித்து, "சாள..." என்று தொடங்குவதற்குள் பல் தோர்த்தில் இருக்கும். அழுவதா சிரிப்பதா என்று பிள்ளை விழிக்கும். "சாள மீனு தின்ன பல்லா? அதான் இந்த நாத்தம்" என்று அவள் மூக்கைப் பொத்துவாள். சுற்றி நிற்கிற பிள்ளைகள் சிரிக்க, பல்லைக் கொடுத்த பிள்ளையும் சிரித்துவிடும். அப்புறம் அந்தப் பல் சமையல்கூடத்து ஓட்டுக்கு மேலே பறக்கும். ஓட்டில் எறிந்தால்தான் புதுப்பல் நேராக முளைக்கும் என்பது அந்த ஊர் வழக்கம்.

அவள் கை நல்ல கை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. பிடுங்கிய பல் அத்தனையும் தன் காலம் முடிந்து, விழக் காத்திருந்த பல். அடியில் வேர் கரைந்து, உமி போல லேசாக இருக்கும். தொட்டால் வந்துவிடும். வந்ததெல்லாம் தன் கையின் திறமையால் என்று நேசபாய் நினைத்துக்கொண்டாள். அங்கேதான் பிசகிவிட்டது.

நேசபாய்க்கும் ஞானசிங்குக்கும் ஒரே மகள் ஜினிஷா. ஞானசிங் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். ஜினிஷாவும் அம்மா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். ஒன்பது வயதில் மேலே நடுப்பற்கள் இரண்டும் புதிதாக, அகலமாக வந்துவிட்டன. அவற்றுக்கு இரண்டு பக்கமும் இருந்த பால்பற்கள் மட்டும் அரிசி போலச் சின்னதாக அப்படியே நின்றன. ஆடவும் இல்லை, விழவும் இல்லை.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை முகாம் நடந்தது. பல் மருத்துவப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், ஜினிஷாவின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நேசபாயைக் கூப்பிட்டாள். "அக்கா, இந்த ரெண்டு பல்லையும் பிடுங்கிராதீங்க. அடியில புதுப்பல் இருக்கான்னு முதல்ல எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும்" என்று சொல்லி, ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாள்.

"மோளே, நீ பாலு குடிச்சிட்டுக் கிடந்த காலத்துல இருந்தே நான் பல்லு பிடுங்குதேன்" என்றாள் நேசபாய். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். சீட்டு, கடுகு டப்பாவின் மூடி இறுகுவதற்காக நாலாக மடிபட்டு உள்ளே போயிற்று.

அதற்குப் பிறகும் அவள் உடனே கை வைத்துவிடவில்லை. டிசம்பர் மாதம் தொடக்கத்தில் ஒரு நாள், முட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது சமையல்காரி தேவகனி பேச்சை எடுத்தாள்.

"ஊருப் பிள்ளையளுக்க வாய எல்லாம் நேராக்கிப் போட்டியே நேசம். உனக்க மவளுக்க வாயப் பாத்தியா? தேங்காய்க்கு இடையில பாக்கு வச்சதுபோல இருக்கு."

"விழும், விழும். விழாம எங்க போவுது."

"கிறிஸ்மஸ் பாட்டுக்கு முன்வரிசையில நிப்பாளே. போட்டோ எடுப்பாவ. சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னதுதான். ஆனால் நேசபாய்க்கு அன்று முழுவதும் அந்தப் பாக்கு மனதில் உருண்டது. பள்ளிக்கூடம் விட்டதும் மகளைச் சமையல்கூடத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள். வலது பக்கப் பல்லைத் தோர்த்தால் பிடித்தாள். பல் ஆடவில்லை. அங்கேயே விட்டிருக்கலாம்.

"மக்கா, நேத்து நம்ம வீட்டுல என்ன கறி?"

"நீதானம்மா வச்ச..." என்று ஜினிஷா சொல்லும்போதே இழுத்தாள். பல் வரவில்லை. அத்தனை வருஷத்தில் முதல் இழுப்பில் வராத பல் அது ஒன்றுதான். அங்கேயாவது விட்டிருக்கலாம். பிடித்த பிடியை விட அவளுக்கு வரவில்லை. இரண்டாவது தடவை பிள்ளை கத்தினாள். மூன்றாவது தடவை நூலைக் கட்டி இழுத்தபோது பல் வந்தது.

நேசபாய் தோர்த்தை விரித்துப் பார்த்தாள். பல்லுக்கு அடியில், பல்லைவிட நீளமாக, கூர்மையாக, ரத்தம் ஒட்டிய ஒரு வேர். இதுவரை எறிந்த எந்தப் பல்லுக்கும் அப்படி ஒன்று இருந்ததில்லை. காலம் முடியாததைப் பிடுங்கிவிட்டோம் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. யாரும் பார்ப்பதற்கு முன்னால் ஓட்டுக்கு மேலே எறிந்தாள்.

"அப்பாகிட்ட பல்லு தானா விழுந்துதுன்னு சொல்லு. கேட்டியா?"

வாயில் துணியைக் கடித்துக்கொண்டு ஜினிஷா தலையாட்டினாள்.

இடது பக்கப் பல்லை நேசபாய் தொடவில்லை. அது அப்படியே நின்றது. வலது பக்கத்தில் இன்று முளைக்கும், நாளைக்கு முளைக்கும் என்று காத்திருந்தாள். மகள் கொட்டாவி விடும்போதெல்லாம் வாயைத்தான் பார்த்தாள். ஈறு வழவழவென்று கிடந்தது. ஜினிஷா சிரிக்கும்போது கையால் வாயை மூடப் பழகினாள். அடுத்த கிறிஸ்மஸுக்குப் பாட்டில் பின்வரிசைக்குப் போனாள். அதற்கடுத்த கிறிஸ்மஸுக்குப் பாட்டுக்கே போகவில்லை. நல்ல குரல் அவளுக்கு.

இன்னொன்றும் நடந்தது. வீட்டில் நேசபாய் யதார்த்தமாக, "இண்ணைக்கு என்ன கறி வைக்கட்டு?" என்று கேட்டால் ஜினிஷா உதட்டை இறுக்கிக்கொள்வாள். எது வேண்டுமோ அதை விரலால் காட்டுவாள். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நேசபாய் அதட்டுவாள். ஏன் அப்படிச் செய்கிறாள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அதட்டினாள்.

ஜினிஷாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஞானசிங் பொறுக்காமல் இரண்டு பேரையும் நாகர்கோவிலுக்கு, லிஜி என்ற பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் படம் எடுத்து, திரையில் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் இந்த இடத்துல புதுப்பல் உருவாகவே இல்ல. பிறப்புலயே சிலருக்கு இப்படி இருக்கும். குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

"எனக்க அக்காவுக்கு மேப்பல்லுல எடவெளி உண்டு டாக்டர்" என்றார் ஞானசிங். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இடது பக்கம் பால்பல் நல்ல வேரோட நிக்குது. அதைப் பத்திரமா பாத்துக்கிட்டா இன்னும் பல வருஷம் நிக்கலாம். வலது பக்கம் இருந்தது எப்படிப் போச்சு?"

ஜினிஷா திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"தானா விழுந்தது" என்றாள் நேசபாய்.

மகள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கோபம் இருந்திருந்தால்கூட நேசபாய்க்குத் தேவலையாக இருந்திருக்கும். இவ்வளவுதானே நீ என்பது போல ஒரு பார்வை, அவ்வளவுதான்.

எலும்பு வளர்ந்து முடிகிற வயது வரைக்கும் நிரந்தரப் பல் வைக்க முடியாது, அதுவரை கழற்றி மாட்டுகிற ஒரு பல் செய்து தருகிறேன் என்று சொல்லி, டாக்டர் அளவு எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் ஞானசிங், "எனக்க ரத்தம்தான் நேசம். பிள்ளைக்கு நான் குடுத்த குறை" என்றார்.

அப்போதாவது அவள் வாய் திறந்திருக்க வேண்டும். திறந்தாள். "உங்க குடும்பத்துல எது நேரா இருந்துது, பல்லு நேரா இருக்கதுக்கு" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே நாக்கு கசந்தது.

காலாண்டு விடுமுறையில் சமையல்கூடத்து ஓட்டைப் பிரித்து, தகரம் போட ஆட்கள் வந்தார்கள். நேசபாய்க்கு அன்று அங்கே வேலை இல்லை. ஆனாலும் மாவு சலிக்கிற அரிப்பை எடுத்துக்கொண்டு போனாள். ஓட்டோடு சேர்ந்து இறங்கிய பாசியையும் மண்ணையும் சருகையும் வாரி வாரி அரித்தாள். கொத்தனார் ஏசுஅடிமை மேலே இருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, தங்கமா கிடக்கு?"

"ஆமா. கிட்டினா உனக்குப் பாதி தாறேன். நீ ஓட்டப் பாத்து இறக்கு."

வெயில் உச்சிக்கு வருவதற்குள் தோர்த்தில் ஒரு கைப்பிடி பல் சேர்ந்திருந்தது. குருணை அரிசி போல எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தன. எந்தப் பல் எந்தப் பிள்ளையுடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும். கடைசி ஓட்டு வரிசையின் மண்ணில் அது கிடந்தது. பழுப்பேறிப் போயிருந்தது. வேர் மட்டும் முறியாமல் இருந்தது. அதை அடையாளம் காண அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டினால் பிடிக்கிறதே, அதுபோல இதையும் வைத்துக் கட்டினால் பிடிக்காதா என்று ஒரு ஆசை. ஆனால் கொண்டுபோய் நீட்டினால், பார்த்ததும் டாக்டருக்குத் தெரிந்துவிடும். ஞானசிங் பக்கத்திலேயே இருப்பார். கொண்டுபோகாமல் விட்டால், ஒருவேளை பிடித்திருக்குமோ என்று காலம் முழுக்க உறுத்தும். அந்த வாரம் அவள் வைத்த குழம்பில் எல்லாம் உப்புக் கூடியது. ஞானசிங் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் அவளுக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது தடவை போனபோது டாக்டர் புதுப்பல்லை மாட்டி, கண்ணாடியை ஜினிஷாவின் கையில் கொடுத்தார். ஜினிஷா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேசபாய் தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

"டாக்டரே, இதத் திரும்ப வச்சா பிடிக்குமா?"

டாக்டர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இது யாரோட பல்லு?"

"இவளுக்க பல்லு. மூணு வருஷமா ஓட்டுல கிடந்தது."

"வேர் முழுசா இருக்கே. தானா விழுற பல்லுக்கு வேர் கரைஞ்சு போயிருக்கும்."

"தானா விழல" என்றாள் நேசபாய். "நான்தான் பிடுங்கினேன். ஆடவே இல்ல. மூணு தடவ இழுத்தேன். பிடுங்கக் கூடாதுன்னு முகாமுக்கு வந்த ஒரு பிள்ள படிச்சுப் படிச்சுச் சொன்னா. கேக்கல. இவள் பொய் சொல்லல, நான்தான் சொல்ல வச்சேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றவளுக்கு அது ஒருமாதிரி இருந்தது.

"இனி பிடிக்காதும்மா. உயிர் போய் நாளாச்சு. அடியில புதுப்பல் இல்லாமப் போனது உங்களால இல்ல. அத மனசுல வச்சுக்காதீங்க. ஆனா இது இருந்திருந்தா..." என்று டாக்டர் நிறுத்திவிட்டார்.

"இருந்திருந்தா அந்தப் பக்கம் நிக்குதுபோல இதும் நிண்ணிருக்கும்" என்று நேசபாயே முடித்தாள்.

ஞானசிங் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அக்காகிட்டப் போய் நம்ம வழியில வந்த குறைன்னு சொன்னேன். அவ இருந்து அழுதா" என்றார். "ஞாயிற்றுக்கிழம ஆராதன முடிஞ்சதும் அவ வீட்டுக்குப் போவோம். நீயே சொல்லு."

"சொல்லுதேன்."

பஸ்ஸில் முன்னால் ஒரு இடம் கிடைத்து ஞானசிங் அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். தாயும் மகளும் பின்னால் உட்கார்ந்தார்கள். ஜினிஷா நாக்கால் புதுப்பல்லைத் துழாவிக்கொண்டே இருந்தாள்.

"பாக்கட்டா?" என்றாள் நேசபாய். மகளிடம் இப்படிக் கெஞ்சி எதையும் கேட்டது இல்லை.

ஜினிஷா அம்மாவின் முகத்தையும் அப்புறம் அவள் கைகளையும் பார்த்தாள்.

"கைய அங்க வையி" என்று முன்சீட்டுக் கம்பியைக் காட்டினாள்.

நேசபாய் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஜினிஷா வாயைத் திறந்தாள். வலது பக்கம் புதுப்பல், நல்ல வெள்ளையாக, பிறத்தியார் பல்லைப் போல. இடது பக்கம் அந்தச் சின்னப் பால்பல். நேசபாய் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வளைவில் திரும்பியபோதும் கையைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை.

ராத்திரிக்கு என்ன கறி வைக்கட்டு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. சாளை வாங்கிக்கொள்ளலாம் என்று தானே முடிவு செய்துகொண்டாள்.