ஒளிவு மறைவில்லாத வீட்டில் அக்கா

அக்காவின் மூத்த மகன் இந்த நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தபோது, "சித்தி, மனசு விட்டு எழுதுங்க. எதையும் மறைக்க வேணாம்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்குத்தான் பேனாவை எடுக்கத் தோன்றவில்லை. 'மனசு விட்டு' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அப்படித்தான்.

அக்கா மயிலாப்பூரில், குளத்துக்கு வடக்கே ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் பிறந்தார். எனக்கு ஐந்து வயதாகும்போது அம்மா போய்விட்டார். அதன் பிறகு எனக்குத் தலை பின்னி, சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் அக்காதான். மழை நாட்களில் அவருக்கு இழுப்பு வரும். மூச்சு வாங்கிக்கொண்டே உலை வைப்பார். நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. எதையும் உடைத்துப் பேசுகிறவர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

யுத்த காலத்தில் மாம்பலத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். காப்பி ஆறுவதற்குள் நைனா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பெண்ணுக்கு இழுப்பு உண்டு, முன்னே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிற்று, கோபம் வந்தால் பட்டென்று பேசிவிடுவாள், எதையும் விடவில்லை. "இப்பிடி ஒளிவு மறைவு இல்லாத சம்பந்தி கெடைக்கணுமே" என்று மாமியார் அம்மாள் பூரித்துப்போனார். அன்று நைனா நடந்த நடையைப் பார்க்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் அக்காவின் மீதே திரும்பியது. இழுப்பு வந்து படுத்தால், "உங்க நைனாவே சொன்னாரே, தெரிஞ்சுதானே கட்டிக்கினு வந்தோம்" என்பார்கள். வாயைத் திறந்தால், "அதையும்தான் சொன்னாரே" என்பார்கள். எங்களுக்கு எழுதக் கவர் கிடையாது, கார்டுதான். "மறைக்கறதுக்கு இன்னா கீது?" என்று அதையும் கூடத்தில் படித்துக் காட்டிய பிறகே தபாலில் போட வேண்டும். என் அக்கா, "அனைவரும் சௌக்கியம்" என்று மட்டும் எழுதக் கற்றுக்கொண்டார். அக்காவின் கணவர், எங்கள் மாமா, நல்லவர்தான். தாயார் எதிரில் அவருக்கு நாக்கு எழாது. மனசு விட்டு, உடைத்து, பட்டவர்த்தனமாக என்று நேராகப் பேசுவதற்கு நம்மிடம் எத்தனை வார்த்தைகள். அத்தனையும் அந்தக் கூடத்தில் புழங்கின. அக்காவுக்குத்தான் ஒன்றும் உதவவில்லை.

தலை ஆடி வந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் வழக்கப்படி, பூவும் பழமுமாக நைனாவும் நானும் கரியில் ஓடுகிற பஸ்ஸில் மாம்பலம் போனோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அடுப்பங்கரையில் அக்கா அரிசி புடைப்பதுபோல முறத்தை ஆட்டிக்கொண்டே என் பக்கம் குனிந்தார்.

"நைனாகிட்ட சொல்லு. கூடத்துல என்னைக் கேக்கவே வேணாம். கேட்டா நான் வரலன்னுதான் சொல்லியாவணும். கேக்காம கையப் புடிச்சு இட்டுக்கினு போவச் சொல்லு. இப்ப வந்தா நான் திரும்ப மாட்டேன்."

நான் கூடத்துக்கு வந்ததும் மாமியார் அம்மாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "அக்கா இன்னா சொல்லிச்சு கண்ணு? நம்ம வூட்ல காதைக் கடிக்கிற பேச்சே கெடையாது. எல்லார் எதிர்லயும் சொல்லு."

"ஒண்ணுமில்ல. பூ நல்லா கீதுன்னு சொல்லிச்சு" என்றேன்.

பிறகு அக்காவை அழைத்தார். "நாங்க தடுக்கல சம்பந்தி. அவளையே கேளுங்க. மனசு விட்டு சொல்லட்டும்."

நைனா கேட்டார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "வரல நைனா. இங்கியே கீறேன்" என்றார்.

நைனா அதை அப்படியே நம்பினார். நேராகக் கேட்டால் உண்மை வரும் என்று நம்பியே வாழ்ந்த மனிதர். "புகுந்த வூட்ல மனசு ஒட்டிப்போச்சு" என்று பஸ்ஸில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு வாய்வரை வந்தது. கூடத்தில் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் அடிப்பாரே என்று விழுங்கிவிட்டேன்.

பொங்கல் சீர் கொண்டுபோனபோது அக்கா என்னைத் தனியே பிடித்துக் கேட்டார். "அன்னிக்கு நைனாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அவருதான் காதுல போட்டுக்கல" என்றேன்.

அதற்கப்புறம் அக்கா நைனாவிடம் முகம்கொடுத்துப் பேசியதே இல்லை. வந்தால் பாய் போடுவார், காப்பி கொடுப்பார், அவ்வளவுதான். "நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெரியலையே" என்று நைனா என்னிடமே கேட்டிருக்கிறார். சுதந்திரம் வந்ததைப் பார்த்துவிட்டு அவரும் போய்விட்டார்.

அக்கா அதே வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். படுக்கையில் விழுந்த மாமியாருக்குக் கடைசிவரை தம் கையாலேயே கஞ்சி ஊட்டினார். தம் மருமகள்களிடம் ஒருநாளும் எதையும் துருவிக் கேட்டதில்லை. கடைசி மாதம் மூச்சுக்குத் திணறிக்கொண்டு படுத்திருந்தபோது, சொல்லிவிடலாம் என்று தினமும் போனேன். தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத் தினமும் திரும்பி வந்தேன்.

அக்காவைக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட மருமகள்களுக்கும், மருந்துக்கு அலைந்த எதிர்வீட்டாருக்கும், காரியங்களுக்கு வந்து உடன் நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிள்ளைகளே, உங்கள் தாத்தாவைப் பற்றி அக்கா குறையாக ஏதாவது சொல்லியிருந்தால், அதற்கு நான்தான் காரணம். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. தெரிந்திருந்தால் அன்றே கையைப் பிடித்து அழைத்து வந்திருப்பார். நான் அவரிடம் சொல்லவே இல்லை.