மூட்டைப்பூச்சியின் குடும்பம்

"...என்னை நம்பித்தானே அண்ணாச்சி பிள்ளைகள விட்டுட்டு வேலைக்குப் போறாளுவ? மூட்டைப்பூச்சி என் குடும்பம்னு தெருவே சிரிக்குது. இனி எவ கொண்டாந்து விடுவா?"

எங்கள் தாராவி சந்தில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அம்மா, என் வாசலில் நின்றுதான் கேட்டார். பின்னால் அவருடைய மகள், அழுது வீங்கிய முகத்தோடு. பட்டறைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை இவரிடம் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து தூக்கிப்போவார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பூச்சி காட்டுவது என் பழக்கம். படித்து வந்த வித்தை இல்லை, பார்த்துப் பார்த்து வந்தது. அந்த வாரம் உறிஞ்சிக் குடிக்கும் பூச்சிகளின் முறை. "வண்டு கடிச்சுத் தின்னும். இவங்க வாயே ஸ்ட்ரா. குத்துவாங்க, குடிப்பாங்க" என்றேன். தொட்டிச் செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்த மாவுப்பூச்சியைக் காட்டினேன். மாட்டுங்கா பக்கம் ஓர் இலவமரத்தடியில் பிடித்துவந்த சிவப்புப் பூச்சிகளையும் காட்டினேன். அவை இரண்டிரண்டாகப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டு திரிந்தன. "ஸார், லோக்கல் ட்ரெயின்! ரெண்டு பக்கமும் மோட்டர்மேன்!" என்று ஒரு வாண்டு கத்த, எல்லாரும் உருண்டு சிரித்தோம்.

புத்தகத்தில் இந்தக் கூட்டத்துக்கு 'வரிசை' என்று போட்டிருக்கும். வரிசை என்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் குழாய்தான் ஞாபகம் வரும். அதனால் 'குடும்பம்' என்றே சொல்லிவந்தேன். ஸ்ட்ரா வாய்ப் பூச்சி எது கிடைத்தாலும் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த ஞாயிறு, இப்போது வாசலில் அழுது நிற்கும் இந்தப் பெண் ஒரு மருந்துக் குப்பியை நீட்டினாள். உள்ளே மைசூர்ப் பருப்பைத் தட்டையாக நசுக்கியதுபோல் ஒன்று ஊர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூக்கிப் பிடித்து, "அட, இதுவும் அதே குடும்பம்தான்!" என்றேன்.

"கட்மல் இவ ஃபேமிலி! ஸார் நே போலா!" என்று ஒரு குரல். கட்மல் என்றால் மூட்டைப்பூச்சி; ஸாரே சொன்னாராம். அப்புறம் எல்லாக் குரலும்.

கட்மல் இல்லாத கட்டில் எங்கள் சந்தில் யார் வீட்டில் இருக்கிறது? ஆனால் அகப்பட்டவனுக்கு அஷ்டமத்தில் சனி. குப்பி இருந்தது அவள் கையில். மத்தியானத்துக்குள் செய்தி குழாயடிக்குப் போய்விட்டது. ஒரு தாய் வந்து, நாளையிலிருந்து குழந்தையைச் செம்பூரில் நாத்தனார் வீட்டில் விடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாளாம்.

"அது சுத்தம் அழுக்குப் பாக்காது தங்கச்சி" என்றேன். "பையில, ரயில் சீட்டுல ஒட்டிக்கிட்டு வரும். பகல்ல கட்டில் இடுக்குல கிடக்கும், தூங்குறப்ப வந்து குடிக்கும். நோய் பரப்புறதாத் தெரியல. தடிக்கும், அரிக்கும், அவ்வளவுதான்."

"தடிக்கிறது ஊரான் பிள்ளைக்குல்லா?"

"அதுக்காக மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தவா முடியும்?"

"கொளுத்த எனக்கு ஏது வீடு? வாடகை வீடு அண்ணாச்சி."

"நான் வந்து அந்தத் தாய்மார்கிட்டப் பேசுதேன்" என்றேன் கடைசியில்.

"நீங்க பேசினது போதும்." போகத் திரும்பியவர் மறுபடி கேட்டார். "வெந்நி ஊத்துனா சாவுமா?"

"சாவும். முட்டையும் சாவும். ஆனா இடுக்குக்குள்ள படணும். ஒரு தடவையில தீராது, துணியெல்லாம் கொதிக்க வைக்கணும்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மனசு கேட்காமல் நானும் போனேன். அம்மாவும் மகளுமாக மரக்கட்டிலை நடுச்சந்துக்கு இழுத்து, ஒருக்களித்து நிறுத்தியிருந்தார்கள். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. குழாயடிப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். செம்பூர் என்று சொன்னவளும் குழந்தையை இடுப்பில் வைத்தபடி அந்தக் கூட்டத்தில் நின்றாள்.

அவர் ஆவி பறக்கும் குண்டானைத் துணியால் பிடித்துத் தூக்கிவந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவளருகே வந்ததும் மட்டும் நின்றார்.

"பிள்ளையத் தூக்கிட்டுத் தள்ளி நில்லு. தெறிக்கும்" என்றார். அவள் நகரும்வரை பொறுத்திருந்து, கட்டில்கால் பொருத்தில் மெதுவாக ஊற்றினார்.