அண்டரில் நாற்பது பேர்

எல்கடுவ பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. சட்டைப்பையில் மூன்று பேனா. ‘தனக்குக் கீழே’ என்று சொல்லவே மாட்டார், ‘அண்டர்’தான்.

"என் அண்டர்ல நாப்பது பேருங்க. நான் சொல்லாம ஒருத்தி கொழுந்துல கை வைக்க மாட்டா."

அப்போது தோட்டத்து மேலாளரான துரை போனில் அழைத்தார். ஓடுகிற பஸ்ஸில் இவர் விறைப்பாக எழுந்து நின்றார். "ஆமாங்க சேர், நானும் உங்க அண்டர்தானுங்களே."

பேசி முடித்துத் திரும்பினால், அவரிடம் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முறைத்தார். அவள் நிதானமாகக் கையை நீட்டினாள்.

"பேக்க தாங்க ஐயா, மடியில வச்சிக்கிறேன்."

பையைக் கொடுத்துவிட்டார். மாத்தளை வரை கம்பியில் தொங்கியவர் வாயில் ‘அண்டர்’ என்ற அந்தச் சொல் வரவே இல்லை. மறுநாள் கொழுந்து மலையில் அவளை என்ன பாடு படுத்தினாரோ, அதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.