நீலம் தோய்த்த குஞ்சுகள்

அடுத்தவர் பொருள் ஒன்று வீட்டில் இருந்தால் லீலாபாய்க்குச் சோறு இறங்காது. ஒற்றசேகரமங்கலத்து மலையோரத்தில் பிறந்து, பாறசாலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். சபை அசன விருந்துக்கு வீடு வீடாக இரவல் வாங்கும் பாத்திரங்களில், யாருடையது என்று தெரியப் பெயிண்டால் பொட்டு வைப்பது அவள் பொறுப்பு. விருந்து முடிந்து ஒரு கரண்டிகூட வீடு மாறிப் போனதில்லை.

அவளிடம் ஒரு புள்ளிக்கோழி இருந்தது. முட்டை நின்றுவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு அடைகாத்துக் குஞ்சு பொரித்ததால், கிழவயதில் பிள்ளை பெற்ற வேதாகமத்துச் சாராளின் பெயரையே அதற்கு வைத்திருந்தாள். சபை உபதேசியார் வரும்போது மட்டும் “ஏ கோழி” என்று கூப்பிடுவாள்.

எல்லைக் கிளர்ச்சி சூடுபிடித்திருந்த ஐம்பத்து நாலாம் வருஷம் அது. தங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் பரமசிவன் இரவும் பகலும் கொடி தைத்தார். லீலாபாயின் கணவர் ஜெயதாஸ் மலையாளப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். “சேந்தா எனக்க வேலைக்கு நீரா ஜாமீன்?” என்று அவர் கேட்க, சாயாக்கடையில் இருவருக்கும் வாய் முற்றியது. மறுநாளே பரமசிவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஜெயதாஸ் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவர்தான் காட்டிக்கொடுத்தார் என்று ஊர் பேசியது. பரமசிவனின் மனைவி சரோஜம் அன்றோடு வேலிக்கு இந்தப் பக்கம் பார்ப்பதை விட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒரு காலையில் ஓலைக் கடவப்பெட்டியோடு வேலியருகே வந்து நின்றாள். உள்ளே, பொரித்து நாலைந்து நாளே ஆன குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன.

“தள்ளைக்கோழிய கீரி கொண்டு போச்சு,” என்றாள், வேலியைப் பார்த்துக்கொண்டு. “நான் திருவனந்தபுரம் போறேன். செயிலுல அவியளப் பாக்க விடுதாவளாம். நாளைக்கு வருவேன். வேற ஆருமில்லாத குறைக்காக்கும் இஞ்ச வந்தேன்.”

“குடு பிள்ளே. சாராளுக்கும் இதே பருவத்துல குஞ்சு நிக்குது. நான் பாத்துக்கிடுதேன்.”

சரோஜம் கடவத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள்.

லீலாபாய் கடவத்துக்குள் எட்டிப் பார்த்தாள். இதில் ஒன்று செத்தாலும் போதும், புருஷனைக் காட்டிக்கொடுத்தவர்கள் குஞ்சையும் கொன்றார்கள் என்று ஊர் பேசும். சரோஜமும் நம்புவாள். செத்ததை மறைக்கக் குஞ்சை மாற்றி வைத்தார்கள் என்றுகூடப் பேச்சு வரலாம். அந்தப் பேச்சுக்கு இடம் வைக்கக்கூடாது என்று தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைச் சட்டியில் கரைத்து, சரோஜத்தின் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தோய்த்தாள். வெயிலில் காய வைத்து, சாராளின் குஞ்சுகளுக்கு நடுவே விட்டாள்.

சாராள் சிலிர்த்துக்கொண்டு நின்றது. தன் குஞ்சுகளை ஒன்றும் செய்யவில்லை. நீலமாகத் தெரிந்தவற்றை மட்டும் தேடித் தேடிக் கொத்தியது. லீலாபாய் ஓடிப்போய் அள்ளுவதற்குள் ஒரு குஞ்சின் மண்டையில் ரத்தம் கசிந்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஜெயதாஸ் கடவத்தை எட்டிப் பார்த்தார். “என்னட்டி, குஞ்சுக்கு ஞானஸ்நானம் குடுத்தியா?”

“விளையாடாதீங்க. மாறிப்போச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்பிடாதுன்னு அடையாளம் வெச்சேன்.”

“கொள்ளாம். கோழிக்கும் அடையாளம் நல்லாத் தெரிஞ்சு போச்சு.”

அவள் குடத்துத் தண்ணீரை மொண்டாள். ஒரு குஞ்சை எடுத்துக் கழுவிப் பார்த்தாள். நீலம் போகவில்லை. குஞ்சுதான் நனைந்து நடுங்கியது. அதை முந்தானையில் பொதிந்துகொண்டு வானத்தைப் பார்த்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. தாய்ச் சூடு இல்லாமல் இவை விடியும்வரை தாங்காது.

சட்டியில் நீலம் மிச்சமிருந்தது. லீலாபாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கோழியை மூடியிருந்த பஞ்சாரக் கூடையைத் தூக்கி, சாராளின் குஞ்சுகளையும் பிடித்து அதில் தோய்க்க ஆரம்பித்தாள்.

“எட்டி, உனக்குக் கிறுக்கா?” என்று பதறினார் ஜெயதாஸ். “இனி எது ஆருக்கதுன்னு எப்படித் தெரியும்? கோழி எல்லாத்தயும் கொத்திப் போட்டா?”

“உயிரோட கிடந்தா பெறகு பாப்போம். அந்த விறகை அடுப்புல தள்ளுங்க.”

எல்லாவற்றையும் அடுப்படிச் சூட்டில் உலர்த்தினாள். உலர்ந்தபோது அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. அந்தி மங்கி, சாராள் பஞ்சாரத்துக்குள் ஒடுங்கிப் படுத்ததும், பின்பக்கமாகக் கையை விட்டு ஒவ்வொரு குஞ்சாக இறகுக்கு அடியில் தள்ளினாள். முதல் குஞ்சுக்குச் சாராள் முனகியது. லீலாபாய் கையை அசைக்காமல் வைத்திருந்தாள். கோழி உடம்பை ஒருமுறை அசைத்து, இறக்கையை அகட்டி, அழுந்தப் படுத்தது. கீச்சொலிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கினாள். சாராள் வெளியே வந்தது. பின்னாலேயே ஒரு நீலக் கூட்டம். கோழி தலையைச் சாய்த்து அவற்றை ஒரு தரம் பார்த்தது. பிறகு மண்ணைக் கிளறிக் கொக்கரித்துக் கூப்பிட்டது. எல்லாம் ஓடின. மண்டையில் காயம் பட்டதும் ஓடிற்று. லீலாபாய் அம்மிக்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஏசுவே, காப்பாத்தினீரே,” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

மத்தியானம் சரோஜம் வந்தாள். கண் வீங்கியிருந்தாலும் குரல் தெளிந்திருந்தது. “அவிய சொகமாட்டு இருக்காவ. உடம்புதான் மெலிஞ்சு போச்சு, வாய் மெலியல்ல. வாற வாரம் விடுவாவளாம்.”

சொல்லிக்கொண்டே முற்றத்தைப் பார்த்தவள் திகைத்தாள். “இதென்னக்கா, எல்லாம் நீலமாட்டு நிக்குது? எனக்கது எது?”

“தெரியாது பிள்ளே,” என்றாள் லீலாபாய், வாழ்க்கையில் முதல்தடவையாக. நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். “ஒண்ணும் சாவல்ல. நல்லதாப் பாத்து நீயே எடுத்துக்க.”

சரோஜம் குனிந்து அருகில் நின்ற ஒன்றைப் பிடித்தாள். சாராள் பறந்து வந்து அவள் கையில் ஒரு கொத்து கொத்தியது.

“யம்மோ!” என்று குஞ்சை விட்டுவிட்டுக் கையை உதறினாள் சரோஜம். “எனக்க குஞ்சை என்னையே தொட விடமாட்டேங்குதே, சவம்!”

சொன்னவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. அப்படியே நடைப்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இஞ்சயே நிக்கட்டு அக்கா, பெருசாவுறது வரைக்கும். கொஞ்சம் கட்டஞ்சாயா போடுங்க. நேத்திலிருந்து நாக்கு நனையல்ல.”

லீலாபாய் எழுந்திருப்பதற்குள், உள்ளே ஜெயதாஸ் அடுப்பில் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது.