பெண்கள் வாலிபாலைக் காக்க வந்தவர்கள்

எங்கள் ஊர் மன்றத்தின் கமிட்டியில் ஐந்து ஆண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பெண்கள் வாலிபால் ஆட்டத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு பொங்கல் விளையாட்டு விழாவிலும் எங்கள் ஆட்டம் மதியம் பன்னிரண்டரைக்கு வரும். கமிட்டி பிரியாணிக்குப் போகும் நேரம் அது. மணல் உள்ளங்காலைப் பொசுக்கும். உடை மாற்றுவதற்கு இடம் கிடையாது. ஆண்கள் ஜெயித்தால் ஆளுயரக் கோப்பை, நாங்கள் ஜெயித்தால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி. இப்படிப்பட்டவர்கள்தான் ஒரு வருடம் பெண்கள் விளையாட்டின் நியாயத்தைக் காப்பாற்றப் புறப்பட்டார்கள்.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் சாயங்காலங்களில் பெண்கள் அணி ஒன்றைப் பழக்குகிறேன். ஒரு நர்ஸ், பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி, மீன்காரர் வீட்டு மருமகள்கள் இரண்டு பேர் என்று ஒன்பது பேர் வருவார்கள். அங்கேதான் அவள் வந்தாள். இருபத்தாறு வயதுத் திருநங்கை. நாகர்கோவிலில் ஒரு தையல் கடையில் சுடிதார் வெட்டுகிறவள். நான்கு நாள் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் என்னிடம் வந்து கேட்டாள்.

“நானும் ஆடட்டா டீச்சர்? பள்ளிக்கூடத்துல பையன்மாருக்க கூட ஆடிருக்கேன். பின்ன அவனுவ கூட நிக்க முடியல.”

“மத்தவங்ககிட்ட கேட்டுச் சொல்லுதேன்” என்றேன். இதை இங்கே சொல்லாமல் விட்டுவிட எனக்கும் ஆசைதான். கமிட்டிக்காரர்களை இகழ்கிற இந்த வாய்தான் அன்று ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் அப்படிப் பதில் சொன்னது. மற்றவர்களிடம் கேட்டபோது நர்ஸ் சிரித்தாள். “இதுல என்ன கேக்கதுக்கு இருக்கு டீச்சர்? ஒரு ஆளு கொறையுதுன்னு நீங்கதான தெனமும் பொலம்புவியோ!”

மறுநாளிலிருந்து அவள் ஆடினாள். ஆண்கள் அளவில் வாங்கியிருந்த எங்கள் டீ-சர்ட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போய், ஒவ்வொருத்திக்கும் தக்கபடி பிடித்துத் தைத்துக்கொண்டு வந்தாள். ஆட்டம் எப்படி? உண்மையைச் சொல்ல வேண்டும். நெட்டையானவள். அவள் ஓங்கி அடித்தால் பந்து கனமாக வரும். ஆனால் மூச்சு சீக்கிரம் வாங்கும். மூன்று வருடமாகச் சிகிச்சை எடுப்பதாகவும், பழைய பலத்தில் பாதிகூட இல்லை என்றும் சொன்னாள். பாதியா முக்காலா என்று அளக்கும் கருவி என்னிடம் இல்லை.

டிசம்பரில் குளச்சல் அணியோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடினோம். அவர்களுடைய கேப்டன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். அப்பாவுக்குக் கடல் வேலை. ஆட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

“டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கண்டாம். அந்த அக்கா அடிக்க பந்து வேற மாதிரி வருது. எங்க டீம்ல சின்னப் பிள்ளையளும் உண்டு. இது செரியா?”

இருபது வருடத்தில் இந்த மாவட்டத்தில் யாரும் என்னிடம் கேட்ட மிக நேர்மையான கேள்வி அது. எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். “யோசிப்போம் மக்கா” என்றேன். அவளும் தலையாட்டினாள்.

அந்தக் கேள்வி எப்படியோ மன்றத்துச் செயலாளரின் காதுக்குப் போயிற்று. கல்ஃபில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த மனிதர் அவர். மைக் இல்லாவிட்டாலும் மைக் இருப்பதுபோலத்தான் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசகசாலைக்கு எங்களை வரச் சொன்னார். நானும் அவளும் போனோம். குளச்சல் கேப்டனையும் அழைத்திருந்தார்கள். ஐந்து பேரும் விசிறிக்கு அடியில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். நாற்காலி மிச்சம் இருந்தது.

“டீச்சர், நமக்கு ஆருகிட்டயும் வெறுப்பு கெடையாது. ஆனா பெம்பிளப் பிள்ளையளுக்கு நியாயம் கெடைக்கணும்லா? இந்தப் பிள்ளையே புகார் சொல்லியிருக்கு” என்று செயலாளர் தொடங்கினார்.

“நான் புகார் சொல்லல” என்றாள் குளச்சல் பெண். “கேள்விதான் கேட்டேன்.”

“நீ சும்மா இரு மோளே, உனக்காகத்தான் பேசுதோம்.”

என்னோடு வந்தவள் தன் சிகிச்சைக் காகிதங்களை ஒரு ஃபைலில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதை மேசைமேல் வைத்தாள். ஐந்து பேரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல நாற்காலிகள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தன. ஓரத்தில் இருந்தவர் மட்டும் இளித்துக்கொண்டே, “காயிதம் எதுக்கு? ஒரு லேடி டாக்டரக் கூட்டிட்டு வந்து செக் பண்ணிரலாம்லா” என்றார். மற்ற நான்கு பேரும் சிரிப்பை அடக்குவதற்காகக் கூரையைப் பார்த்தார்கள். அவள் ஃபைலை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

நான் செயலாளரிடம் கேட்டேன். “பெம்பிளையளுக்கு வலை எவ்வளவு உயரத்துல கெட்டணும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“வலைக்கு என்ன? எல்லாருக்கும் ஒரே வலதான.”

“ஆம்பளையளுக்குக் கெட்டதவிட ஒரு சாண் கீழ கெட்டணும்” என்றாள் குளச்சல் பெண். “எல்லா வருசமும் நாங்க உங்க வலையிலதான் ஆடுதோம். எறக்கிக் கெட்டச் சொன்னா, டைம் இல்லன்னு சொல்லுவியோ.”

நியாயத்தின் காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் நேராகத் தீர்ப்புக்குத் தாவினார். அவள் பெண்கள் ஆட்டத்தில் சேரக் கூடாது, வேண்டுமானால் ஆண்கள் அணியில் ஆடிக்கொள்ளட்டும் என்றார். ஆண்கள் அணியின் கேப்டன் அங்கேயே கதவில் சாய்ந்து நின்றிருந்தான். திடுக்கிட்டு நிமிர்ந்தான். “எங்க டீம்லயா? அண்ணே, சவம், ஊரே சிரிக்கும். பெம்பிளையக் கூட்டிட்டு வந்து ஆடுதானுவன்னு சொல்லுவானுவ.” ஒரே அறையில், ஐந்து நிமிட இடைவெளியில், அவள் பெண்களுக்கு ஆணாகவும் ஆண்களுக்குப் பெண்ணாகவும் ஆகிவிட்டாள். அந்த ஐந்து பேருக்கும் இதில் ஒரு முரணும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் குளச்சல் பெண் அவளைப் பார்த்து, “அக்கா, எனக்க கேள்வி கேள்வியாத்தான் இருக்கு. ஆனா இவனுவ இப்படிப் பேசுவானுவன்னு நெனைக்கல” என்றாள்.

“நீ கேட்டதுல தப்பில்ல” என்றாள் இவள். “வா, ஆடிப் பாப்போம்.”

அடுத்த இரண்டு ஞாயிறும் இரண்டு அணிகளும் சேர்ந்து ஆடினோம். வலையை நானே டேப் வைத்து அளந்து இறக்கிக் கட்டினேன். குளச்சல் பெண் அவளுடைய அடிகளை வேண்டுமென்றே எதிரே நின்று எடுத்தாள். முன்கை கன்றிப்போயிற்று. “கனம்தான். ஆனா எடுக்க முடியாதது இல்ல” என்றாள். ஆனால் அவர்கள் அணியில் இருந்த ஒல்லியான பதினேழு வயதுப் பெண் பந்துக்கு முன்னால் நிற்கவே மாட்டேன் என்று ஒதுங்கிவிட்டாள். அந்தப் பயமும் பொய்யில்லை. கடைசியில் வழி சொன்னது இவள்தான். “நான் அடிக்கல. பின்னால நின்னு தூக்கிக் குடுக்கேன். அது போதும்.” இரண்டு அணிகளும் ஒத்துக்கொண்டன. ஆடுகிறவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். விஷயம் அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும்.

நான் போய்ச் செயலாளரிடம் சொன்னேன். முகத்தைச் சுளித்தார். “அடிச்சா என்ன, தூக்குனா என்ன டீச்சர்? குடும்பமா வந்து பாக்க எடம்லா.”

அப்போதுதான் நியாயம், பாதுகாப்பு, பெண் பிள்ளைகள் என்ற பெரிய வார்த்தைகள் எல்லாம் கழன்று விழுந்து, உள்ளே இருந்தது வெளியே வந்தது. அவள் பந்தை எவ்வளவு பலமாக அடிக்கிறாள் என்பது அந்த ஆளுக்கு ஒருநாளும் பொருட்டாக இருந்ததில்லை. அவள் கண்ணில் படுவதுதான் பிரச்சினை.

விழாவுக்குப் போக வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாள். இவள் கேட்கவில்லை. “ஆடுங்கோ. எனக்க பேரச் சொல்லி ஒருத்தியும் வீட்ல இருக்கண்டாம்” என்றாள். போனோம். வழக்கம்போலப் பன்னிரண்டரை. நேர் செட்டுகளில் தோற்றோம். அவள் தண்ணீர்ப் பாட்டில்களோடு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாள்.

சாயங்காலம் பரிசளிப்பு. மேடையில் செயலாளர் திடீரென்று மைக்கில் உருகினார். “நம்ம மன்றம் எல்லாரையும் அரவணைக்கும் மன்றம். திருநங்கை சகோதரி ஒருவர் நம்மிடையே இருக்கிறார். அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறோம்.” கையில் சால்வை, பக்கத்தில் போட்டோக்காரர், எல்லாம் தயார். ஆட விடமாட்டார்களாம், ஆனால் போட்டோவுக்கு வேண்டுமாம்!

அவள் மைதானத்து ஓரச் சர்பத் கடையில் எனக்குப் பக்கத்தில் நின்று நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறையும் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. மூன்றாவது முறை என்னிடம் சொன்னாள். “டீச்சர், அந்தாளுக்கு எனக்க பேரு கூடத் தெரியல. சகோதரி சகோதரின்னு விளிக்காரு.” தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். செயலாளர் அந்தச் சால்வையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, வந்திருந்த வார்டு உறுப்பினருக்குப் போர்த்தினார்.

பெரிய போட்டிகளில் என்ன விதி வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பதினேழு வயதுப் பெண்ணை நினைத்தால் ஒரு பக்கமும், சர்பத் கடையில் நின்றவளை நினைத்தால் மறுபக்கமும் மனம் போகிறது. அதைப் பற்றிப் பேச உரிமை உள்ளவர்கள் ஆடுகிறவர்கள். அவர்கள் பேசினால் கேட்டுக்கொள்வேன். அவள் இப்போதும் எங்களோடு ஆட்டம் பழகுகிறாள், குளச்சல் பெண்கள் மாதம் ஒரு ஞாயிறு பஸ் ஏறி வருகிறார்கள். ஒல்லிப் பெண்ணும் வருகிறாள், எங்கள் தையல்காரி அடிக்காத நாட்களில் மட்டும் ஆடுகிறாள்.

அடுத்த பொங்கலுக்கு மன்றத்து நோட்டீஸில் பெண்கள் வாலிபாலே இல்லை. அந்த நேரத்தில் மியூசிக்கல் சேர் வைத்திருந்தார்கள். விழா முடிந்த மறுநாள் பேக்கரியில் செயலாளரைப் பார்த்தேன். பழபஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, “இந்த வருசம் ஒரு சிக்கலும் இல்லாம நடந்துச்சு, பாத்தியளா டீச்சர்?” என்றார். நான் வாங்க வந்த பன்னை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.