ஓசிச் சிப்பாய்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நாமக்கல்லில் வேலை பார்த்தார். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்துவிடுவார். மிளகு வாங்க வருவதாகச் சொல்வார். வாங்கிப் போனதை யாரும் பார்த்ததில்லை. வந்ததும் எங்கள் வாசலில் செஸ் பலகையை விரிப்பார். நான் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் வாசலூர்பட்டி ஏரியில் படகுச் சவாரி என்பது பேச்சு. அந்தப் படகுக்காக நான் உயிரை விட்டேன்.

மாமா எப்போதும் வெள்ளை. ராணிக்கு முன்னாலிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். நானும் எதிரே அப்படியே தள்ளுவேன். உடனே பக்கத்துச் சிப்பாயைக் கொண்டுவந்து என் சிப்பாயின் வாய்க்கு நேராக நிறுத்துவார்.

"சும்மா தாரேன், எடுத்துக்க கண்ணு."

அதற்கு குயின்ஸ் கேம்பிட் என்று பெயர் இருப்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? ஓசியில் வருவதை விடுவேனா? எடுத்துக்கொள்வேன். எடுத்ததைக் காப்பாற்ற இன்னொரு சிப்பாய், அதைக் காப்பாற்ற வேறொன்று என்று ஓரத்திலேயே மல்லுக்கட்டுவேன். அதற்குள் மாமா பலகையின் நடுவைப் பிடித்து என் ராஜாவை நெருங்கியிருப்பார். எங்கள் பலாத்தோப்பில் ஓர் ஓரத்து மரத்தைக் குரங்குகளுக்கு விட்டுவிட்டு மற்றதை அப்பா காப்பாற்றுவார். பலகையில் அந்தக் குரங்கு நான்தான் என்று விளங்க நாளாயிற்று.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பக்கத்தில் பலாச்சுளை உரித்துக்கொண்டே ஆட்டத்தைப் பார்ப்பார். ஒரு ஞாயிறு என் காதருகே குனிந்தார்.

"அந்தச் சிப்பாய் போனாப் போகுது சாமி. அதையே கட்டிப் புடிச்சுட்டு உக்காராதே. குதிரைய வெளிய எடு."

மனசே இல்லாமல் விட்டேன். மாமா அதைத் தின்பதற்குள் என் குதிரைகளும் மந்திரியும் நடுவில் இறங்கிவிட்டன. மாமா அத்தையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் ராணியைக் கொண்டுவந்து என் குதிரை பாயும் கட்டத்தில் வைத்தார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர், பாவம். வெட்டிவிட்டுக் குதித்தேன்.

"தோத்துட்டனுங்க" என்றார் மாமா.

என்னிடம் எதற்கு 'ங்க' போடுகிறார் என்று புரியவில்லை. ஜெயித்தவளுக்கு மரியாதை போலும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு படகு. பிள்ளைக்குத் துணையாக அத்தையும் வந்தார். மிதிபடகில் முன்னால் இரண்டே இருக்கை. ஜெயித்த எனக்குப் பின்னால்தான் இடம். எனக்கு அதுவும் சந்தோஷமாகவே இருந்தது.

தை மாதத்தில் அவர்களுக்குக் கல்யாணம். மாமா பெண்டாட்டியும் எங்களுக்கு அத்தைதான். கூப்பிடும் முறை மாறாததால் எதுவும் நடந்ததாகவே எனக்குத் தெரியவில்லை. மாமாவின் ராணியை நான் பிடித்துவிட்டேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.